பால்மரக் காட்டிலிருந்து பால் புட்டி வரை

(பிறந்த குழந்தைக்குப் பால் புட்டியும் காம்பும் தேர்ந்தெடுப்பது பற்றித் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழந்தை பிறந்த வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. சட்டை, துண்டு, கொசுவலை இவற்றோடு அழகான பெட்டியில் அடுக்கிய பால் புட்டி செட் ஒன்றும் கண்டிப்பாக வந்து சேரும். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நாலைந்து புட்டிகள் அலமாரியில் நிற்கும். அப்புறம்தான் குழப்பம் தொடங்குகிறது. கண்ணாடிப் புட்டி நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா? மஞ்சள் நிற ரப்பர் காம்பா, கண்ணாடி போல் தெரியும் சிலிகோன் காம்பா? பாட்டி ஒன்று சொல்வார், அண்டை வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், கடைக்காரர் வேறொன்று சொல்வார். ஈப்போவில் பேரங்காடிக்குப் போனால் சில ரிங்கிட்டிலிருந்து ஐம்பது அறுபது ரிங்கிட் வரை புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. விலை கூடியதை வாங்கினால்தான் நல்ல பெற்றோர் என்ற எண்ணம் இளம் தம்பதியருக்கு வந்து விடுகிறது.

புட்டியின் விலையைவிட முக்கியமானவை மூன்று. அதற்குள் என்ன போகிறது, அதை எந்தக் கை கழுவுகிறது, குழந்தைக்கு அதை யார் எப்படிப் பிடித்துக் கொடுக்கிறார்கள். இந்தப் பாடத்தை நம் பேரா மாநிலத் தோட்டங்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றுக் கொண்டிருக்கின்றன.

இரண்டு பால், ஒரு தாய்

1877-ஆம் ஆண்டு ரப்பர் கன்றுகள் பேராவில் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அக்காலத்து மரம் ஒன்று அந்நகரில் இன்றும் நின்று கொண்டிருக்கிறது. அந்தக் கன்றுகளின் வழியில்தான் சுங்கை சிப்புட், பாகான் செராய், தாப்பா என்று பேரா முழுவதும் கித்தாக் காடுகள் எழுந்தன. அந்தக் காடுகளை நம்பித்தான் நம் முன்னோர் கப்பல் ஏறி வந்தார்கள்.

கித்தா மரத்தை நம்மவர்கள் பால்மரம் என்றே அழைத்தார்கள். விடியற்காலை இருட்டில் பிரட்டுக்குப் பெயர் கொடுத்து விட்டு வெட்டுக்குப் போன பெண்களில் பலர் கைக்குழந்தைக்காரிகள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு விட்டுத்தான் போக வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறைந்து விடும் என்பதால் வெட்டு காத்திருக்காது. மங்கில் மரத்தின் பால் சொட்டும். இங்கே தாயின் மார்பில் பால் கட்டி வலிக்கும். கொட்டகையில் பிள்ளை அழும். வெட்டு பக்கத்தில் இருந்தால் இடையில் ஓடி வந்து கொடுக்கலாம். இரண்டு மூன்று மைல் தள்ளி இருந்தால் என்ன செய்வது?

அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் டின் பால். தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைத்தது. இரண்டு கரண்டி டின் பால், சுடுதண்ணீர், ஒரு கலக்கு கலக்கினால் ஆயிற்று. குழந்தையும் இனிப்புக்கு மயங்கி அழுகையை நிறுத்தியது. ஆயாவின் மேல் தவறில்லை, தாயின் மேலும் தவறில்லை. ஒரு கொட்டகையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் கவனிக்க ஒருவர் இருந்த நிலையில் வேறு வழி அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

இனிப்பூட்டப்பட்ட டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். குழந்தை வளர வேண்டிய புரதமும் கொழுப்பும் அதைத் தண்ணீரில் கரைத்த பிறகு போதுமான அளவில் இருப்பதில்லை. கொழுப்பு நீக்கிய பாலில் தயாரித்த டின்களில் வைட்டமின் ஏ சத்தும் இல்லாமல் போனது. வைட்டமின் ஏ குறைந்தால் கண் விழி கெடும், பார்வையே போகலாம். இதோடு, சரியாகக் கழுவாத புட்டியும் கொதிக்காத தண்ணீரும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு. தோட்டப்புறத்தில் கைக்குழந்தைகள் அதிகம் இறந்த அந்தக் காலத்தில், குழந்தை ‘சீக்கு’ வந்து போய் விட்டது என்று சொல்லி அழுதவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்கும்?

சிங்கப்பூரில் ஒலித்த ஒரு குரல்

இதை அன்றே உரக்கச் சொன்னவர் ஒரு பெண் மருத்துவர். ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ், ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு நோயை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர். 1936-இல் மலாயாப் பகுதிக்குப் பணி மாற்றப்பட்டு வந்தார். தாதியர் போல் உடை அணிந்த பெண்கள், குழந்தை பெற்ற வீடுகளுக்குப் போய் டின் பாலை விளம்பரம் செய்ததை அவர் இங்கே கண்டார். தாய்ப்பால் நிறைந்திருந்த தாய்மாரும் அதை நம்பிப் புட்டிக்கு மாறினார்கள்.

1939-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஒரு சொற்பொழிவாற்றினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. பொருந்தாத பாலைக் குழந்தைக்குக் கொடுக்கும்படி தவறான பிரசாரம் செய்வதைக் கொலைக் குற்றமாகவே கருத வேண்டும் என்ற பொருளில் அவர் பேசினார். பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் சிறைவாசம் அனுபவித்து உயிர் பிழைத்த அவர், 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

அவர் பேசி நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981 மே மாதத்தில் உலகச் சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பதற்கு அனைத்துலக நெறிமுறை ஒன்றை ஏற்றது. அந்த நெறிமுறை பால் மாவுக்கு மட்டும் அல்ல, பால் புட்டிக்கும் காம்புக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. காம்பு என்பது சாதாரண விளையாட்டுப் பொருள் அல்ல என்பதை உலகமே ஒப்புக்கொண்டது என்று இதற்குப் பொருள். நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துக்குப் போகும்போது பால் புட்டி கொண்டு வர வேண்டாம் என்று தாதியர் சொல்வதற்குக் காரணமும் இதுவே. சில தாய்மார்கள் அதைக் கெடுபிடி என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். கோபப்பட வேண்டியதில்லை. பிறந்த முதல் மூன்று நான்கு வாரத்தில் குழந்தை தாயின் மார்பில் வாய் வைத்துச் சப்பப் பழகுகிறது. அதற்குள் ரப்பர் காம்பைக் காட்டினால், சுலபமாக வருவதைப் பிடித்துக் கொண்டு தாயின் மார்பை மறுத்து விடக்கூடும். குழந்தை சப்பினால்தான் தாய்க்குப் பால் ஊறும்.

ஆகவே, முடிந்தவரை முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. ஆனால் எல்லாத் தாய்க்கும் அது வாய்ப்பதில்லை. நோய், மருந்து, இரட்டைக் குழந்தை, வேலை என்று பல காரணங்கள் உண்டு. புட்டியைக் கையில் எடுக்கும் தாயைக் குறை சொல்வதில் பயனில்லை. அவருக்குச் சரியானதைச் சொல்லிக் கொடுப்பதே உதவி.

புட்டி: எளிமையே சிறப்பு

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால் புட்டி ஒன்று பிரபலமாக இருந்தது. குழந்தை தானே குடித்துக் கொள்ளும், தாய் வேலை பார்க்கலாம் என்று வாங்கினார்கள். குழாயின் உள்ளே கழுவ முடியவில்லை. பால் தங்கிப் புளித்துக் கிருமி வளர்ந்து குழந்தைகள் இறந்தன. அதற்குக் ‘கொலைகாரப் புட்டி’ என்ற பெயரே வந்து விட்டது.

அதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. பிரஷ் எட்டாத மூலை எந்தப் புட்டியில் இருக்கிறதோ, அது வேண்டாம். வாய் அகன்ற, நேரான புட்டி நல்லது. வயிற்றில் காற்று சேராது என்று சொல்லி உள்ளே குழாய், வால்வு, வளையம் என்று ஐந்தாறு பாகங்களோடு விற்கிறார்கள். அதை வாங்குகிறவர், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ முடியுமா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு கழுவப் போவது அவர்தான்.

கண்ணாடிப் புட்டி கொதிநீரைத் தாங்கும், கீறல் விழாது, வாடை பிடிக்காது. கைதவறினால் உடையும், கனமும் கூட. வீட்டில் வைத்துக் கொடுக்க ஏற்றது. பிளாஸ்டிக்கில் பாலிபுரோப்பிலின் என்ற வகை மலிவாகக் கிடைக்கிறது. புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். பிபிஎஸ்யூ என்ற வகை விலை அதிகம், நாள்பட உழைக்கும். முன்பு பரவலாக விற்ற, கண்ணாடி போல் பளபளக்கும் பாலிகார்பனேட் புட்டிகளில் பிபிஏ என்ற இரசாயனம் இருந்தது. மலேசியாவில் 2012 மார்ச் 1 முதல் பிபிஏ கலந்த குழந்தைப் புட்டிகள் தடை செய்யப்பட்டுள்ளன. மூத்த பிள்ளை குடித்த பழைய புட்டியைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இதனால்தான் வேண்டாம். கீறல் விழுந்த, மங்கிப்போன பிளாஸ்டிக் புட்டியும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

அளவும் பெரிதாகத் தேவையில்லை. பிறந்த முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவுதான். 120 மில்லிலிட்டர் புட்டி பல வாரங்களுக்குப் போதும். பெரிய புட்டி நிறையக் கலக்கி, மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைப்பதுதான் ஆபத்து.

காம்பு: நம் மரத்தின் பிள்ளை

ரப்பர் காம்புக்கு முதன் முதலில் காப்புரிமை பெறப்பட்டது 1845-இல், நியூயார்க்கில். இன்று கடையில் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும் காம்பு கித்தா மரத்தின் பாலில் செய்தது. அது மிருதுவானது, இழுத்தாலும் சுலபமாகக் கிழியாது. ஆனால் கொதிக்கக் கொதிக்க உப்பும், பிசுபிசுக்கும், வாடை வரும். சில குழந்தைகளுக்கு ரப்பர் ஒவ்வாமையும் உண்டு. ரப்பரைப் பதப்படுத்தும்போது சேர்க்கும் பொருள்களால் நைட்ரோசமைன் என்ற தீய பொருள் உண்டாவது 1980-களில் பேசப்பட்டு, அமெரிக்காவும் ஐரோப்பாவும் காம்புகளில் அதற்கு வரம்பு விதித்தன. குறை மரத்தின் பாலில் இல்லை, தொழிற்சாலைச் சேர்க்கையில்தான். ஆகவே பெயர் தெரியாத மலிவுக் காம்பு வேண்டாம்.

கண்ணாடி போல் தெரியும் சிலிகோன் காம்பு வாடை இல்லாதது, சூட்டைத் தாங்கும், அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பல் முளைத்த பிள்ளை கடித்தால் மட்டும் கிழிந்து துண்டாகலாம். பல் இல்லாத பச்சிளம் குழந்தைக்குச் சிலிகோன் நல்ல தேர்வு. எதுவானாலும் கொடுப்பதற்கு முன் காம்பை எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு, ஒட்டல், நிறமாற்றம் கண்டால் உடனே மாற்ற வேண்டும். கெடாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

காம்பில் உருவத்தைவிட முக்கியமானது ஓட்டை. பிறந்த குழந்தைக்கு மிக மெதுவாகப் பால் வரும் காம்பே தேவை. புட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் பால் நொடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் விழ வேண்டும். கோடாக ஓடினால் அது பெரிய பிள்ளைக்கான காம்பு. உறையில் போட்டிருக்கும் எண் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறுபடும் என்பதால் சொட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தை திணறினால், கடைவாயில் பால் வழிந்தால், ஓட்டம் அதிகம். சப்பிச் சப்பிச் சோர்ந்து அரை மணிக்கு மேல் ஆகியும் முடியாவிட்டால், ஓட்டம் குறைவு.

இந்த இடத்தில் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தை சீக்கிரம் குடிக்கட்டும் என்று ஊசியைச் சுட வைத்துக் காம்பின் ஓட்டையைப் பெரிதாக்கும் பழக்கம் நம்மிடையே இருந்தது. அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த ஓட்டையில் பாயும் பால் மூச்சுக் குழாய்க்குள் போகலாம். ஊசியைத் துணி தைக்க மட்டும் வைத்துக்கொள்வோம்.

கழுவும் கையும் கொதிக்கும் நீரும்

குடித்து முடித்ததும் புட்டியையும் காம்பையும் கழற்றி, சோப்பும் சூடான நீரும் கொண்டு பிரஷால் தேய்க்க வேண்டும். காம்பை உள்வெளியாகத் திருப்பித் தேய்க்க வேண்டும். பிறகு எல்லாம் மூழ்கும்படி தண்ணீரில் போட்டு, கொதித்த பின் குறைந்தது ஐந்து நிமிடம் விட வேண்டும். விலை உயர்ந்த மின்சாரக் கருவி இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. மூடியுள்ள ஒரு பானை போதும். அதைக் குழம்பு வைக்கப் பயன்படுத்தாமல் இருந்தால் சரி.

பால் மாவு என்பது கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. இதைப் பலர் அறிவதில்லை. அதனால்தான் கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே மாவைக் கலக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தண்ணீர் கொதித்து அரை மணி நேரத்துக்குள் கலக்கி விட வேண்டும். பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். காலையில் ஊற்றி வைத்த பிளாஸ்க் தண்ணீர் மாலையில் இந்தச் சூட்டில் இருப்பது நிச்சயமில்லை. கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்தைக் கொட்டி விட வேண்டும்.

கரண்டிக் கணக்கு

பால் மாவின் விலை ஏறிக் கொண்டே போகிறது. மாதக் கடைசியில் ஒரு கரண்டி மாவைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டும் வீடுகள் உண்டு. புட்டி நிறைந்திருக்கும், குழந்தை பட்டினியாக இருக்கும். இன்னும் சிலர் மாவு தீர்ந்ததும் தேநீருக்கு வாங்கிய டின்னைத் திறக்கிறார்கள். இன்று கடைகளில் உள்ள பல டின்கள் பால்கூட அல்ல. செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்த இனிப்புக் கிரீமர். அன்று ஆயாக் கொட்டகையில் நடந்த தவறு இன்று அடுக்குமாடி வீட்டில் நடக்கலாமா?

மாவு வாங்க முடியாத நிலை வந்தால் வெட்கப்படாமல் அருகில் உள்ள அரசுச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய்த் தாதியிடம் சொல்ல வேண்டும். நின்று போன தாய்ப்பாலை மீண்டும் ஊறச் செய்யவும் பல நேரங்களில் வழி உண்டு. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குப் பசும்பாலைப் பாலாகக் கொடுப்பதும், தேன் தொட்டு வைப்பதும், புட்டியில் சர்க்கரையோ தானிய மாவோ கலப்பதும் கூடாது. மஞ்சள் காமாலைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் மருந்தாகாது. கிளினிக்குக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும்.

தொட்டிலில் கிடத்தி, புட்டியைத் தலையணையில் முட்டுக் கொடுத்து விட்டுச் சமையலைப் பார்க்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். புரையேறினால் பார்க்க ஆளில்லை. படுத்தபடி குடிக்கும் பிள்ளைக்குக் காது நோயும், பின்னாளில் சொத்தைப் பல்லும் வரும். தலையைச் சற்று உயர்த்தி மடியில் ஏந்தி, இடையிடையே நிறுத்திக் கொடுக்க வேண்டும். குழந்தை முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். புட்டியைக் காலி செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வேலைக்குப் போகும் தாய்க்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு நம் மக்கள் பலர் ஈப்போவுக்கும் சுற்றுவட்டாரப் பட்டணங்களுக்கும் வந்து விட்டார்கள். பிரட்டு மணி போய்த் தொழிற்சாலையின் ஷிப்டு மணி வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள மைல் கணக்கு மாறவில்லை. ஆனால் வழிகள் மாறியிருக்கின்றன. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. அந்த மூன்று மாதத்தில் தாய்ப்பாலை நிலைநிறுத்தி விட்டு, பிறகு கையாலோ பம்ப்பாலோ எடுத்து வைக்கலாம். எடுத்த பால் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் வரை, உறைய வைத்தால் ஆறு மாதம் வரை இருக்கும். வெளியில் வைத்தால் நான்கு மணி நேரம் என்பார்கள். நம் ஊர் வெக்கைக்கு அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. சூடேற்ற மைக்ரோவேவ் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் போதும்.

புட்டியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையை மறந்து விட்டோம். காம்பும் இல்லை, மூலையும் இல்லை, ஒரு முறை தேய்த்துக் கொதிநீரில் போட்டால் சுத்தம். இந்திய மருத்துவமனைகளில் எடை குறைந்த பச்சிளம் குழந்தைகளுக்கு இன்றும் பாலாடையில் தாய்ப்பால் புகட்டுகிறார்கள். சுத்தம் செய்ய வசதி குறைந்த இடங்களில் புட்டியைவிடச் சிறு கிண்ணமே பாதுகாப்பானது என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. புகட்டும்போது குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக உதட்டில் வைக்க வேண்டும். தொண்டையில் ஊற்றக் கூடாது.

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று எப்படி அறிவது? ஒரு வாரம் ஆன குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். கிளினிக்கில் எடை ஏற வேண்டும். அந்த எடைக் கருவி புட்டியின் விலையைக் கேட்பதில்லை.

அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகிறவர்கள் புட்டி செட்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டு போகலாம். அந்தத் தாய்க்கு ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொண்டு போங்கள். அவர் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் அரை மணி நேரம் வீட்டு வேலையைப் பார்த்துக் கொடுங்கள். பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாருக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க யாரும் இல்லை. அவர்கள் பேத்திகளுக்காவது அது கிடைக்கட்டும்.